போஸ்ட்கிரெஸ்: டேட்டா வளரவில்லை, டிஸ்க் மட்டும் நிறைகிறது. வால் (WAL) ஃபைல்களை அழிக்கலாமா?

இரவு_ஷிஃப்ட்:
வணக்கம். டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ் 14, லினக்ஸ் சர்வர், 200 ஜிபி டிஸ்க். டேட்டாபேஸ் மொத்தமே 60 ஜிபிதான். ஆனால் டேட்டாவில் செய்யும் மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் வால் ஃபைல்களின் பிஜி_வால் ஃபோல்டர் மட்டும் 118 ஜிபி! ஒவ்வொன்றும் 16 எம்பி, 7,500 ஃபைலுக்கு மேல் கிடக்கிறது. வால் அளவுக்கான செட்டிங் மேக்ஸ்_வால்_சைஸை 2 ஜிபி என்றுதான் வைத்திருக்கிறேன். செக்பாயின்ட் (மாற்றங்களை டேட்டா ஃபைல்களில் எழுதி முடிப்பது) கொடுத்துப் பார்த்தேன், ஒரு ஃபைல்கூடக் குறையவில்லை. டிஸ்க் 91 சதவீதம். இன்று ராத்திரி தாங்கும், நாளை தாங்காது. தேதி பார்த்துப் பழைய ஃபைல்களை மட்டும் அழித்துவிடலாமா?

ரோல்பேக்:
பெரிய டேபிள்களுக்கு, அவற்றைச் சுருக்கும் வேக்கம் ஃபுல் கட்டளை போட்டுப் பாருங்கள். இடம் கிடைக்கும்.

பழைய_சர்வர்:
ரெண்டுமே வேண்டாம். வேக்கம் ஃபுல் டேபிளைப் புதிதாக எழுதும். முடியும்வரை இன்னொரு பிரதிக்கு இடம் வேண்டும், அந்த எழுத்தும் வாலில்தான் போய்ச் சேரும். இருக்கிற 18 ஜிபியும் போய்விடும்.

வால் ஃபைலைக் கையால் அழிக்கவே கூடாது. சர்வர் திடீரென விழுந்தால் எழுந்திருக்க அதுதான் ஆதாரம். முன்பு இந்த ஃபோல்டர் பெயர் பிஜி_எக்ஸ்லாக். 'லாக்' என்று பார்த்ததும் குப்பை என நினைத்து அழித்தவர்கள் ஏராளம். அதனால்தான் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் பெயரையே மாற்றினார்கள்.

மேக்ஸ்_வால்_சைஸ் கறாரான வரம்பு இல்லை. யாரோ ஒருவர் 'எனக்கு இது இன்னும் வேண்டும்' என்று பிடித்து வைத்திருந்தால் போஸ்ட்கிரெஸ் அழிக்காது. முதலில் ஆர்க்கைவ் (வால் ஃபைல்களை வேறு இடத்தில் பிரதி எடுத்து வைப்பது) தோற்றுக்கொண்டிருக்கிறதா என்று பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவரில் பாருங்கள். அப்புறம் பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ்; ரெப்ளிகாவுக்கு (நகல் சர்வருக்கு) வேண்டிய வாலைப் பிடித்து வைக்கும் ஸ்லாட்கள் அதில் தெரியும்.

இரவு_ஷிஃப்ட்:
ஆர்க்கைவ் எங்களிடம் ஆஃப். ஸ்லாட் ரெண்டு வரி வந்தது. ஒன்றில் ஆக்டிவ் 'டி' (ஆம்). இன்னொன்று 'ரிப்போர்ட்_சோதனை', அதில் ஆக்டிவ் 'எஃப்' (இல்லை). ரீஸ்டார்ட்_எல்எஸ்என், அதாவது எங்கிருந்து வால் வேண்டும் என்ற குறி, எங்கோ பின்னால் நிற்கிறது. இப்போதுதான் நினைவு வருகிறது. போன வாரம் ரிப்போர்ட்டுக்காக ஒரு ரெப்ளிகா போட்டுப் பார்த்தோம். வேண்டாம் என்று மெஷினை மட்டும் அணைத்துவிட்டோம்.

பழைய_சர்வர்:
ஆள் போய்விட்டார், அவருக்குச் சோறு எடுத்து வைத்துக்கொண்டே இருக்கிறது சர்வர். அந்த ரெப்ளிகா இனி வராது என்று டீமில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பிஜி_ட்ராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட் ஃபங்ஷனில் அந்தப் பெயரைக் கொடுங்கள். உடனே குறையவில்லையே என்று பதற வேண்டாம், அடுத்த செக்பாயின்ட்டில்தான் இடம் திரும்பும்.

இரவு_ஷிஃப்ட்:
118-லிருந்து 2 ஜிபிக்கு வந்துவிட்டது. அவசரத்தில் முதல் வரியின் பெயரை காப்பி செய்துவிட்டேன், அது ஓடிக்கொண்டிருக்கிற ஸ்லாட். நல்லவேளை, ஆக்டிவாக இருந்ததால் எரர் கொடுத்து மறுத்தது. மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

பழைய_சர்வர்:
ஸ்லாட்டுக்காகப் பிடித்து வைக்கும் வாலுக்கு வரம்பு போட, 13-ஆம் பதிப்பிலிருந்து மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் செட்டிங் இருக்கிறது. இயல்பாக அது -1, அதாவது வரம்பே இல்லை. உங்கள் டிஸ்க்குக்கு 30 ஜிபி வைக்கலாம், ரீலோட் போதும். ஆனால் அதற்கும் மேல் பின்தங்கும் ரெப்ளிகாவுக்கு வேண்டிய வால் இருக்காது, ஆர்க்கைவும் இல்லாததால் அதைப் புதிதாகத்தான் கட்ட வேண்டும். பிரைமரி (முதன்மை சர்வர்) படுப்பதைவிட அது தேவலாம்.

ஆக்டிவ் 'எஃப்' ஆக ஒரு மணி நேரம் இருந்தால் அலாரம் வையுங்கள்.

இன்னொன்று. அதே பார்ட்டிஷனில், டேட்டா ஃபோல்டருக்கு வெளியே, 3 ஜிபி இடத்தைப் பிடிக்கிற ஒரு டம்மி ஃபைல் போட்டு வையுங்கள். வால் எழுத இடமில்லாமல் போஸ்ட்கிரெஸ் நின்றுவிட்டால் ஸ்லாட்டை நீக்க உள்ளேயே போக முடியாது. அந்த ஃபைலை அழித்தால் சர்வரை எழுப்பும் அளவுக்கு மூச்சு கிடைக்கும். எனக்கு ஒரு தடவை இதுதான் கைகொடுத்தது.

ரோல்பேக்:
வேக்கம் ஃபுல் சொன்னதற்கு மன்னிக்கவும். எங்கள் சர்வரிலும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் ஒரு 'எஃப்' இருக்கிறது.

இரவு_ஷிஃப்ட்:
வரம்பு வைத்தாயிற்று, அலாரமும் வைத்தாயிற்று. டம்மி ஃபைலுக்கு 'இதை_மட்டும்_அழிக்கலாம்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.