சாக்லேட் கட்டி இருக்கும்போது குழந்தைக்கு முயலலாமா, அறுவை சிகிச்சைதான் முதலில் செய்ய வேண்டுமா?

கரூர்க்காரி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 31. திருமணமாகி மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. கடந்த ஒன்றரை ஆண்டாகக் குழந்தைக்காக முயன்று வருகிறோம். மாதவிடாய் 28 அல்லது 29 நாள்களுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறது. ஆனால் முதல் இரண்டு நாள்களும் வலியால் எழுந்து நடக்க முடியாது. கல்லூரிக் காலத்திலிருந்தே இப்படித்தான் என்பதால், எல்லாருக்கும் வருவதுதானே என்று வீட்டில் சொன்னதை நானும் நம்பிவிட்டேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் எடுத்த ஸ்கேனில் வலது சினைப்பையில் 4.2 சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருப்பதாகவும், அது எண்டோமெட்ரியோமா, அதாவது சாக்லேட் கட்டி போலத் தெரிவதாகவும் எழுதியிருந்தார்கள். இடது பக்கம் ஒன்றும் இல்லை. சினைப்பையில் கருமுட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஏ.எம்.எச். இரத்தச் சோதனையில் 1.9. சி.ஏ. 125 என்ற இரத்தச் சோதனையில் 68 என்று வந்தது. 35-க்குள் இருக்க வேண்டும் என்று அறிக்கையின் ஓரத்தில் அச்சிட்டிருந்ததைப் பார்த்து, அது எதற்கான சோதனை என்று கைப்பேசியில் தேடி, சினைப்பைப் புற்றுநோய்க்கும் பார்க்கும் சோதனை என்று தெரிந்து அன்றிரவு முழுவதும் நான் தூங்கவில்லை.

முதலில் பார்த்த மருத்துவர், லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை, செய்து கட்டியை எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம் என்றார். இரண்டாவதாகப் பார்த்தவர் டயனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் என்ற ஹார்மோன் மாத்திரையை மூன்று மாதங்களுக்கு எழுதிக் கொடுத்து, கட்டி சுருங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். மாத்திரையை வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் தொடங்கவில்லை. என் மாமியாரோ, அவருடைய தங்கை மகளுக்கு நீர்க்கட்டி கழற்சிக்காயில்தான் கரைந்தது என்று சொல்லி, தினமும் காலையில் அம்மிக் குழவியால் ஒரு காயை உடைத்து, பருப்பை ஐந்து மிளகோடு பொடித்து மோரில் கலந்து தருகிறார். அந்தக் கசப்பு மதியம் வரை நாக்கிலேயே இருக்கிறது. அன்பாகத் தருவதை மறுக்கவும் முடியவில்லை. மூன்று பேர் மூன்று வழி சொல்லும்போது எதை முதலில் செய்வது என்று தெரியாமல் கேட்கிறேன்.

வைகைக்கரை

தங்கைக்கு, உன் வயதில் நான் நின்ற இடமும் இதுதான். எனக்கு இரண்டு பக்கமும் சாக்லேட் கட்டி இருந்தது; பெரியது 6 சென்டிமீட்டர். 2016-இல் லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டேன். வலி போயிற்று, அதில் எனக்குக் குறையே இல்லை. மாதத்தில் இரண்டு நாள் விடுப்பு எடுத்துப் படுத்துக் கிடந்தவள், அதன் பிறகு மாதவிடாய் நாளிலும் பேருந்தில் நின்றுகொண்டு வேலைக்குப் போனேன். ஆனால் அறுவைக்கு முன் 2.1 ஆக இருந்த ஏ.எம்.எச்., ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது 0.8 ஆகிவிட்டிருந்தது. கட்டியின் சுவரை உரித்தெடுக்கும்போது அதோடு ஒட்டியிருக்கும் நல்ல சினைப்பைத் திசுவும் கொஞ்சம் வந்துவிடும் என்பதை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைய வலியில் நான் அறுவைக்கு ஒப்புக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் தெரிந்து ஒப்புக்கொள்வது வேறு. பிறகு கருமுட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கும் ஐ.வி.எஃப். முறையில், இரண்டாவது முயற்சியில் மகள் பிறந்தாள்.

அதனால் அறுவை கூடாது என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன், என் கருமுட்டை இருப்பு எவ்வளவு, அறுவைக்குப் பின் எவ்வளவு குறையலாம், குறைந்தால் அடுத்து என்ன என்ற மூன்றையும் கேட்டுவிடு. இன்னொன்று: உன் பதிவை இரண்டு முறை படித்துவிட்டேன், உன் கணவருக்கு என்ன சோதனை செய்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லையே?

மருத்துவர், மகளிர் நலம்

நான் மகப்பேறு மருத்துவர். ஸ்கேன் படங்களைப் பார்க்காமல் இன்னதைச் செய்யுங்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் குழப்பத்தில் பாதி, நீர்க்கட்டி என்ற ஒரே சொல்லால் நம் ஊரில் நான்கு வெவ்வேறு விஷயங்களைக் குறிப்பதால் வருவது என்பதால் இதை எழுதுகிறேன்.

மாதந்தோறும் கருமுட்டை வளரும் பையே சில நேரம் உடையாமல் பெரிதாகி நிற்கும். அது மெல்லிய சுவரும் தெளிந்த நீரும் கொண்ட சாதாரணக் கட்டி, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுழற்சிகளில் தானாக மறைந்துவிடும். பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறில் இருப்பவை உண்மையில் கட்டிகளே அல்ல. 2 முதல் 9 மில்லிமீட்டர் வரை வளர்ந்து, அதற்குமேல் வளராமல் நின்றுவிட்ட சிறு முட்டைப் பைகள். உங்கள் மாமியாரின் தங்கை மகளுக்கு இருந்தது இந்த இரண்டில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்; முதல் வகையாக இருந்தால் கழற்சிக்காய் சாப்பிடாமலேயே அது போயிருக்கும். மூன்றாவது டெர்மாய்டு, அதற்குள் கொழுப்பும் முடியும், சில சமயம் பல்லும்கூட இருக்கும். உங்களுடையது நான்காவது வகை. கருப்பையின் உட்சவ்வை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்க்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். அத்திசு சினைப்பையில் தங்கி, மாதந்தோறும் அங்கேயே கசிந்த இரத்தம் பழையதாகித் தேங்கி நிற்கிறது. பழுப்பு நிறத்தில் குழம்பாக இருப்பதால்தான் சாக்லேட் என்ற பெயர். அது உணவாலோ சூரணத்தாலோ கரைவதில்லை. நாட்டு மருந்து எதைச் சாப்பிட்டாலும் அதை உங்கள் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கருத்தரித்துவிட்ட சந்தேகம் வந்த நாளிலிருந்து நிறுத்திவிடுங்கள்.

டயனோஜெஸ்ட் வலிக்கு நல்ல மருந்து, கட்டியையும் ஓரளவு சுருக்கும். ஆனால் அது கருமுட்டை வெளிவருவதையும் பெரும்பாலும் அடக்கிவிடும். ஆகவே அதைச் சாப்பிடும் மூன்று மாதமும் குழந்தைக்கான முயற்சியிலிருந்து கழிந்துபோகும். நிறுத்திய பின் கருத்தரிக்கும் வாய்ப்பை அது கூட்டுவதும் இல்லை. கருத்தரிப்பதை மேம்படுத்தும் நோக்கில் இத்தகைய ஹார்மோன் மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்றே ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட எண்டோமெட்ரியோசிஸ் வழிகாட்டி சொல்கிறது. ஐ.வி.எஃப்.-க்குப் போகும் முன் சாக்லேட் கட்டியை வழக்கமாக அகற்றத் தேவையில்லை என்பதும் அதே வழிகாட்டியில் உள்ளது. அகற்றுவதால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுவதாகத் தெரியவில்லை, சினைப்பையின் இருப்புதான் குறைகிறது. அதற்காக முதல் மருத்துவர் சொன்னது தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தாங்க முடியாத வலி, வேகமாக வளரும் கட்டி, புற்றுநோயோ என்ற ஐயத்துக்கு இடம் தரும் ஸ்கேன் தோற்றம் ஆகிய நிலைகளில் அறுவைக்கு நியாயம் உண்டு. கருமுட்டை இருப்பு நன்றாக இருந்து, இயற்கையாகவே கருத்தரிக்க விரும்பும் இளம் பெண்களுக்கும் அதைப் பற்றிப் பேசலாம். உங்களுக்கு வலியும் இருக்கிறது, குழந்தையும் வேண்டும். இந்த இரண்டில் எது இப்போது முதன்மை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஸ்கேன் அறிக்கை சொல்லாது.

சி.ஏ. 125 பற்றி: எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலே அது கூடும், மாதவிடாய் நாள்களில் எடுத்தாலும் கூடும். உங்கள் வயதில், ஸ்கேனில் ஐயத்துக்குரிய தோற்றம் எதுவும் இல்லாதபோது, 68 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அஞ்ச வேண்டியதில்லை.

வைகைக்கரை கேட்டதையே நானும் கேட்கிறேன். விந்துச் சோதனை, மாதவிடாயின் இரண்டாம் மூன்றாம் நாளில் எடுக்கும் சிறு முட்டைப் பைகளின் எண்ணிக்கை, இரண்டு கருக்குழாய்களும் திறந்திருக்கின்றனவா என்ற சோதனை ஆகிய மூன்றும் கையில் இல்லாமல் அறுவையா வேண்டாமா என்ற முடிவுக்கு வருவது அவசரம்.

நெல்லை_மாலை

எனக்கு இருந்தது பி.சி.ஓ.எஸ்., உங்களுடையது அல்ல. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்கு 45 நாள், 60 நாள் என்று மாதவிடாய் தள்ளிப்போகும். உங்களுக்கு மாதந்தோறும் சரியாக வருகிறது என்பதே இரண்டும் வேறு என்பதற்கு நல்ல அடையாளம். எடை குறைந்ததும் கருமுட்டை வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரையும் சேர்ந்து எனக்குப் பலன் தந்தன. (அந்த மாத்திரையைக் குழந்தையின்மைக்குப் பயன்படுத்த நம் நாட்டில் 2011-இல் தடை விதித்திருந்தார்கள், பிறகு 2017-இல் நீக்கினார்கள், என் அக்கா காலத்தில் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது.) நான் சொல்ல வந்தது இதுதான்: என் கதையைக் கேட்டு யாராவது உங்களுக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையையோ எடைக் குறைப்பையோ மருந்தாகச் சொன்னால், அது உங்கள் கட்டிக்கானது அல்ல.

மாமியாரிடம் நான் செய்தது ஒன்று உண்டு. அடுத்த ஸ்கேனுக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் நான் நெளிந்ததை அருகில் உட்கார்ந்து பார்த்தார். மருத்துவர் திரையில் காட்டி விளக்கியதையும் அவரே கேட்டார். அன்றிலிருந்து வைத்தியம் சொல்லும் உறவினர்களுக்கு அவரே பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்.

மலைக்கோட்டை

ஓர் எச்சரிக்கையை மட்டும் சேர்க்கிறேன். எனக்கு 7 சென்டிமீட்டர் டெர்மாய்டு கட்டி இருந்தது. வலியே இல்லாததால் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் விடியற்காலையில் இடது அடிவயிற்றில் திருகியது போல வலி வந்து, வாந்தியும் தொடங்கிவிட்டது. சினைப்பை முறுக்கிக்கொண்டுவிட்டது என்று சொல்லி அன்று காலையிலேயே அறுவை செய்தார்கள். கறுத்துப் போயிருந்த சினைப்பையை முறுக்கெடுத்து, கட்டியை மட்டும் அகற்றிக் காப்பாற்றினார்கள். சாக்லேட் கட்டி சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருப்பதால் இப்படி முறுக்குவது குறைவு என்றார்கள். ஆனால் எந்தக் கட்டியாக இருந்தாலும் திடீர் வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம்.

கரூர்க்காரி

எழுதிய எல்லாருக்கும் நன்றி. பதில்களைப் படித்த பிறகு பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன், சி.ஏ. 125-க்கு இரத்தம் கொடுத்தது மாதவிடாயின் இரண்டாம் நாள். வைகைக்கரை அக்கா, நீங்கள் கேட்டது சரிதான். ஒன்றரை ஆண்டில் எனக்கு நான்கு ஸ்கேன், இரண்டு முறை இரத்தச் சோதனை. அவருக்கு ஒன்றும் இல்லை. எங்களை யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. நேற்று இரவு அவரிடம் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சனிக்கிழமை பரிசோதனைக் கூடம் திறந்திருக்குமா என்று கேட்டார். டயனோஜெஸ்ட்டைத் தொடங்கவில்லை என்பதையும், ஏன் என்பதையும் எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே நேரில் சொல்லப் போகிறேன். வலியைவிட எனக்குக் குழந்தைதான் இப்போது முதன்மை.

மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி: வலது பக்கம் கட்டி இருப்பதால், இடது சினைப்பையிலிருந்து கருமுட்டை வரும் மாதத்தில் மட்டும் முயன்றால் போதுமா?

மருத்துவர், மகளிர் நலம்

வேண்டாம், எல்லா மாதமும் முயலுங்கள். கட்டி உள்ள சினைப்பையிலிருந்தும் கருமுட்டை வெளிவரும். இரண்டும் ஒன்றுவிட்டு ஒரு மாதம் என்று ஒழுங்காக முறை வைத்துக்கொள்வதும் இல்லை. கடைசியாக விந்து வெளியானதற்கும் விந்துச் சோதனைக்கும் இடையே இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி இருக்க வேண்டும் என்பதைச் சனிக்கிழமைக்கு முன் கணக்குப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இன்னும் தொடங்கவில்லை என்றால், மருத்துவரிடம் கேட்டு இந்த வாரமே தொடங்குங்கள்.