உப்புக்கொத்தி மறித்த வழி

கரையோரச் சின்னத் தீவுப் பூங்காவுக்குப் போய் வந்தவர்கள் படகையும் குளியலையும் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். என் மனதில் நின்றது ஓர் உப்புக்கொத்திப் பறவை.

காலையில் கடல் நன்றாக வற்றியிருந்தது. காய்ந்த மணல் மேட்டை ஒட்டி நடந்தபோது, சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய அந்தப் பறவை எங்கள் முன்னால் வந்து, ஒரு சிறகை மணலில் இழுத்தபடி தத்தளித்தது. "அப்பா, அடிபட்டிருக்கு, தூக்கலாமா?" என்றாள் மகள். "வேண்டாம்மா, அப்படியே நில்" என்றேன். பக்கத்தில் முட்டை இருந்தால் உப்புக்கொத்தி இப்படி நடித்து, நம்மைத் தன் பின்னால் இழுத்துப் போகப் பார்க்கும். வந்த தடத்திலேயே பின்வாங்கி ஈர மணலுக்கு இறங்கினோம். உடனே அது நல்லபடியாகப் பறந்து போனது.

தூரத்தில் நின்று பைனாகுலரில் பார்த்தோம். கூடு என்று எதுவும் இல்லை, மணலில் ஒரு சின்னக் குழி, அதன்மேல் பறவை. மணல் நிறத்தில் கரும்புள்ளி போட்ட முட்டைகள் அருகில் போனாலும் கண்ணில் படாது. மிதிக்காமல் போனால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. உச்சி வெயிலில் மணல் 50 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். அப்போது தாயோ தந்தையோ முட்டைக்கு நிழலாக நிற்கும், வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து குளிர்விக்கும். நாம் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டால் அது திரும்பி வராது. முட்டைக்குள் இருக்கும் குஞ்சு வெந்துபோகும். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஆகவே ஈர மணலில்தான் நடக்க வேண்டும். அது எவ்வளவு அகலம் என்பது கடலின் கையில். கடல் ஏறும்போது நடைபாதை குறுகி, நம்மை மேட்டுக்குத் தள்ளும். கடல் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பார்த்து, கடல் வற்றும் நேரத்தில் நடையைத் தொடங்குங்கள். பெரும்பாலான கரைகளில் வற்றம் முடிந்து ஏற்றம் நிறைய 6 மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகும். அதில் நடு 2 மணி நேரத்தில் மட்டும் ஏறக்குறைய பாதித் தண்ணீர் ஏறிவிடும். முதலில் மெதுவாகத்தானே வருகிறது என்று இருந்தால் மணல் திட்டு வழியாகத் திரும்ப முடியாது. நேற்றைய நேரமும் இன்றைக்கு உதவாது, தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் தூரம் வற்றும், அதே அளவு உயரமாகவும் ஏறும்.

அப்புறம், காலி சங்குகளை எடுக்காதீர்கள். துறவி நண்டுக்கு அதுதான் வீடு. நாயை அழைத்துப் போக வேண்டாம்.

முட்டையைப் பார்த்தால் படம் எடுத்து இடத்தோடு பகிராமல், பூங்காக் காவலரிடம் சொல்லுங்கள். கயிறு கட்டி அந்த இடத்தை மறித்துவிட்டால், பின்னால் வருகிறவர்கள் சுற்றிப் போவார்கள்.