ஒரே சட்டம், வெவ்வேறு விளைவு: சமூகங்களை ஒப்பிட்டு அறிய எந்த நூல்களைப் படிக்கலாம்?

கேள்வி:

வணக்கம். துருக்கி 1926-இல் சுவிட்சர்லாந்தின் சிவில் சட்டத் தொகுப்பைச் சிற்சில மாற்றங்களோடு தனதாக்கிக்கொண்டது. ஆனால் கிராமங்களில் மதச் சடங்கோடு மட்டும் முடிந்த திருமணங்கள் தொடர்ந்ததால், அவற்றில் பிறந்த குழந்தைகளுக்குச் சட்டத் தகுதி வழங்க நாடாளுமன்றம் மீண்டும் மீண்டும் தனிச் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. இதைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஓரிடத்தில் வேர்பிடித்த சட்டம் இன்னோரிடத்தில் ஏன் ஏட்டளவில் நின்றுவிடுகிறது? நான் சட்டம் பயின்றவன் அல்லன். பாடநூல்களைத் தவிர்த்து, நீங்கள் முழுமையாகப் படித்த நூல்களைப் பரிந்துரைத்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:

உங்கள் கேள்வி மிகப் பழையது. மான்டெஸ்கியூ 1748-இல் வெளியிட்ட ‘சட்டங்களின் ஆன்மா’ என்னும் நூலில், ஒரு நாட்டுக்கென உருவான சட்டங்கள் வேறொரு நாட்டுக்கும் பொருந்துமானால் அது மிக அரிதான தற்செயல் என்கிறார். தட்பவெப்பம், வாணிகம், மதம், பழக்கவழக்கம் ஆகிய அனைத்தோடும் சட்டம் பின்னிக் கிடக்கிறது என்பது அவர் வாதம். இதற்கு நேர் எதிராக, ஆலன் வாட்சன் 1974-இல் எழுதிய ‘லீகல் டிரான்ஸ்பிளான்ட்ஸ்’, சட்டங்கள் எப்போதும் நாடுவிட்டு நாடு பெயர்ந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன என்று ரோமானியச் சட்டத்தின் வரலாற்றைக் கொண்டு காட்டுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒன்றை மட்டும் படித்தால் அதுவே முழு உண்மை என்று தோன்றிவிடும். மான்டெஸ்கியூவின் தட்பவெப்பக் கருத்துகளை இன்று ஏற்க இயலாது. அந்தப் பகுதிகளை விரைந்து கடந்துவிடலாம்.

தொக்வில் எழுதிய ‘அமெரிக்காவில் ஜனநாயகம்’ நூலையும் விட்டுவிடாதீர்கள். 1831-இல், சிறைச்சாலைகளை ஆராய்வதற்கென்று தம் 25-ஆம் வயதில் அமெரிக்கா சென்றவர், ஒன்பது மாதப் பயணத்தில் ஒரு சமூகத்தையே அளந்துவிட்டார். ஜூரி முறையை நீதி வழங்கும் ஏற்பாடாக மட்டும் பார்க்காமல், குடிமக்கள் சட்டத்தைப் பழகிக்கொள்ளும் இலவசப் பள்ளியாகப் பார்க்கும் அத்தியாயம் உங்கள் கேள்விக்கு மிக அருகில் வருகிறது.

மறுமொழி 2:

செவ்வியல் நூல்களை நானும் மதிக்கிறேன். ஆயினும் களத்தில் இறங்கிப் பார்த்தவர்களின் நூல்களிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். என் முதல் பரிந்துரை ராபர்ட் எலிக்சனின் ‘ஆர்டர் விதவுட் லா’ (1991). கலிபோர்னியாவின் ஷாஸ்டா மாவட்டத்தில், மேய்ச்சல் மாடு அடுத்தவர் நிலத்தில் புகுந்து சேதம் செய்தால் யார் பொறுப்பு என்பது இடத்துக்கு இடம் சட்டப்படி மாறும். அந்தச் சட்ட வேறுபாடு மக்களின் நடத்தையை எப்படி மாற்றுகிறது என்று அறியச் சென்ற எலிக்சன், அது ஏறக்குறைய எதையுமே மாற்றவில்லை என்று கண்டார். சட்டம் எப்படியிருந்தாலும், தன் மாடு செய்த சேதத்துக்குத் தானே பொறுப்பு என்றுதான் மாட்டுக்காரர் நினைக்கிறார். வழிதவறி வந்த மாட்டைக் கண்டவர் உரியவருக்குத் தொலைபேசியில் சொல்கிறார். அவர் வந்து ஓட்டிச் செல்லும்வரை தீனியும் போடுகிறார். அதற்குப் பணம் கேட்பதில்லை. இவருக்கு அவர் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்ற கணக்கு மட்டும் இருவர் மனத்திலும் ஓடுகிறது. கடன் தீராமல் நீளும்போதுதான் ஊர்ப்பேச்சும் மிரட்டலும் தொடங்குகின்றன. நீதிமன்றத்தின் படி ஏறுவது அரிதிலும் அரிது. ‘ஏட்டளவில் நிற்கும் சட்டம்’ என்றீர்களே, அந்த ஏட்டுக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதை இவ்வளவு நெருங்கிக் காட்டிய நூல் வேறொன்றை நான் படித்ததில்லை.

அடுத்தது ராபர்ட் பட்னமின் ‘மேக்கிங் டெமாக்ரசி வொர்க்’ (1993). இத்தாலியில் 1970-இல் நாடு முழுவதும் மாநில அரசுகள் ஏறத்தாழ ஒரே அமைப்பில் நிறுவப்பட்டன. அவை எவ்வாறு இயங்குகின்றன என்று அறிய, வெளிநாட்டில் செய்த மருத்துவச் செலவைத் திரும்பப் பெறுவது எப்படி என்பது போன்ற எளிய கேள்விகளை ஆய்வுக் குழுவினர் சாதாரணக் குடிமகனைப் போல எழுதி அனுப்பினர். வடக்கின் எமிலியா-ரோமாக்னாவில் விரைவாகப் பதில் வந்தது; தெற்கின் கலாப்ரியாவில் கடிதங்களுக்குப் பதிலே இல்லை. இந்த வேறுபாட்டின் வேரை இடைக்கால நகரக் குடியரசுகள்வரை அவர் கொண்டுசெல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நடுவிலுள்ள பல நூற்றாண்டுகளை அவர் தாண்டிவிடுகிறார். ஆனால் அளந்து பார்த்த முறை மிகச் சிறப்பானது.

மறுமொழி 3:

ஒரு வேண்டுகோள். ‘வை நேஷன்ஸ் ஃபெயில்’ (2012) நூலை யாரேனும் நிச்சயம் பரிந்துரைப்பார்கள். அதன் ஆசிரியர்கள் அசெமோக்லுவும் ராபின்சனும் 2024-இல் சைமன் ஜான்சனோடு பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். அமெரிக்க-மெக்சிகோ எல்லை வேலியால் இரண்டாகப் பிரிந்த நோகாலஸ் நகரத்தை ஒப்பிடும் அதன் தொடக்கமும் மனத்தில் நிற்பது. ஆனால் அதை முதலில் படிக்காதீர்கள். செழிப்பும் வறுமையும் நிறுவனங்களாலேயே, அதாவது ஒரு நாட்டின் அரசியல், பொருளாதார விதிமுறைகளாலேயே, தீர்மானிக்கப்படுகின்றன என்ற ஒற்றை விளக்கம் அவ்வளவு வலுவாக முன்வைக்கப்படுவதால், அதன் பிறகு வரும் எல்லா நூல்களையும் அந்தக் கண்ணாடி வழியாகவே பார்க்கத் தொடங்கிவிடுவோம். எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. அதிலிருந்து மீள எலினார் ஆஸ்ட்ரமின் ‘கவர்னிங் தி காமன்ஸ்’ (1990) உதவியது. குளிர்காலத்தில் தன்னால் தீனி போட்டுக் காப்பாற்ற இயலும் எண்ணிக்கைக்கு மேல் எவரும் மலைமேய்ச்சலுக்குப் பசுக்களை அனுப்பக் கூடாது என்ற, சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தினர் தாங்களே வகுத்துக்கொண்ட பழைய விதியை அதில் படித்தபோது, சட்டம் மேலிருந்து மட்டும் வருவதில்லை என்பது எனக்குத் தெளிவானது.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. எலிக்சனையும் ஆஸ்ட்ரமையும் முதலில் படிக்கிறேன். மான்டெஸ்கியூவும் வாட்சனும் அதன் பிறகு. துருக்கியின் கிராமங்களில் சுவிஸ் சட்டம் நுழைவதற்கு முன்பே இப்படி ஏதோ ஒரு கணக்கு வழக்கில் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அதைக் களத்தில் ஆராய்ந்த நூல் எதையேனும் யாராவது படித்திருந்தால் தெரிவியுங்கள்.