புதுக் குஞ்சுகளைப் பழைய கோழி சேர்க்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

கேட்டவர்:
வணக்கம். மூன்று வருடமாக 4 முட்டைக் கோழிகளும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். சண்டை சச்சரவு இல்லாத கூட்டம். போன வாரம் புதிதாக 5 உருப்படி வாங்கி வந்தேன். இரண்டு விடைக்கோழிகள் (இன்னும் முட்டைக்கு வராதவை), நாலு மாதம் இருக்கும். மூன்று குஞ்சுகள், ஏழு வாரம். இரண்டு நாள் பெட்டியில் வைத்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து விட்டேன். அதுதான் தப்போ என்னவோ.

விடைக்கோழிகள் நாலு கொத்து வாங்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கிவிட்டன. குஞ்சுகள் பாடுதான் திண்டாட்டம். சிவப்புக் கோழி ஒன்று துரத்தித் துரத்திக் கொத்துகிறது. ஒரு குஞ்சுக்கு உச்சந்தலையில் இறகு போய் ரத்தமே வந்துவிட்டது. அது முட்டைப் பெட்டிக்குப் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நிற்கிறது, வெளியே வருவதே இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "ரெண்டு நாள்ல சரியாயிடும், விடு" என்கிறார்கள். விடலாமா? எல்லாவற்றுக்கும் ஒரே முட்டைக்கோழித் தீவனம்தான் வைக்கிறேன்.

பதில் 1:
விடாதீர்கள். ரத்தம் வந்த குஞ்சை இப்போதே எடுத்துவிடுங்கள். சிவப்பாக எதைப் பார்த்தாலும் கோழிக்குக் கொத்தத் தோன்றும். ஒன்று ஆரம்பித்தால் இதுவரை சும்மா இருந்தவையும் வந்து சேரும். உப்புத் தண்ணீரில் கழுவி, பொருக்குத் தட்டி ஆறும்வரை தனியாக வையுங்கள். தனியாக என்றால் ஒற்றையாக இல்லை, மூன்றையும் சேர்த்தே எடுங்கள். அதை மட்டும் பிரித்துவிட்டால் திரும்ப விடும்போது கூடப்பிறந்ததுகளே அதைக் கொத்தும்.

இன்னொன்று, இன்று இரவு கோழிகள் அடைந்தபின் ஒவ்வொரு குஞ்சின் தீனிப்பையையும் தொட்டுப் பாருங்கள். கழுத்து முடிகிற இடத்தில், நெஞ்சுக்கு வலப்பக்கம் இருக்கும். வயிறாரத் தின்ற குஞ்சுக்கு உருண்டையாகப் புடைத்திருக்கும். தட்டையாக இருந்தால் அன்று முழுக்கப் பட்டினி என்று அர்த்தம். கொத்துப்பட்டுச் செத்த குஞ்சுகளைவிடத் தீவனத்துக்கே வர முடியாமல் இளைத்துச் செத்தவைதான் என்னிடம் அதிகம்.

பதில் 2:
தீவனத்தை யாரும் கவனிக்கவில்லையே! முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். வளரும் பருவத்துக்கு 1 சதவீதம் போதும். நாள்கணக்கில் அதையே தின்றால் குஞ்சுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகும். முட்டைக்கு வராத விடைக்கோழிகளுக்கும் அது வேண்டாம். எல்லாவற்றுக்கும் வளர்பருவத் தீவனமே போடுங்கள். தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் தூள் வையுங்கள், முட்டையிடுகிறவை தேவையான அளவு தாமாகவே தின்றுகொள்ளும்.

பதில் 3:
இரண்டே நாள் பெட்டியில் வைத்தேன் என்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பகீர் என்றது. புதுக் கோழியை மூன்று நாலு வாரமாவது பழையவற்றின் பக்கமே விடக்கூடாது. வெள்ளைக்கழிச்சல் வெளியே தெரியவே இரண்டு வாரம் வரை ஆகலாம். சளிநோய் கிருமியைச் சுமந்துகொண்டே கோழி நன்றாக மேயும். இனி பிரித்து வைத்துப் பயனில்லை, கலந்துவிட்டது. தும்மல், கண்ணில் நுரை, மூக்கில் ஒழுக்கு இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். ஆசனவாயைச் சுற்றி இறகை விலக்கிப் பேன், செள்ளு பாருங்கள்.

நோய் புதிதாக வந்ததிடமிருந்துதான் வரும் என்றும் இல்லை. உங்கள் பழைய கோழிகளுக்கு ஒன்றும் செய்யாத ரத்தக் கழிச்சல் கிருமி அவற்றின் எச்சத்தில் இருக்கும். குஞ்சுகளுக்கு அதைத் தாங்கும் சக்தி இருக்காது. தரை ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூனி நின்றாலோ எச்சத்தில் ரத்தம் தெரிந்தாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேட்டவர்:
மூன்றையும் எடுத்துவிட்டேன். தீவனமும் மாற்றியாயிற்று. ராத்திரி தொட்டுப் பார்த்தேன். இரண்டுக்குப் பரவாயில்லை. காயம்பட்டதற்குத் தீனிப்பை இருக்கும் இடமே தெரியவில்லை, வெறும் தோலும் எலும்பும்தான் கைக்குத் தட்டுப்பட்டது. ஊறவைத்த தீவனத்தை முன்னால் வைத்ததும் மூச்சுவிடாமல் தின்றது.

ராத்திரி, கோழிகள் ஏறித் தூங்கும் பரணில் குஞ்சுகளையும் ஏற்றி வைத்துவிட்டால் காலையில் பழைய கோழிகளுக்கு வித்தியாசமே தெரியாது என்கிறார்களே, அது உண்மையா?

பதில் 3:
எனக்கு அது பலித்திருக்கிறது.

பதில் 4:
ஒரே அளவுக் கோழிகளாக இருந்தால் பலிக்கும். ஏழு வாரக் குஞ்சுக்கு வேண்டாம். இருட்டில் பேசாமல் இருக்கும்தான். ஆனால் விடிந்ததும் முகம் தெரிந்துவிடும், ஓட இடமில்லாத மூடிய கூட்டுக்குள் சண்டை. அதற்குள் நீங்கள் எழுந்து திறந்திருக்க வேண்டும்.

கேட்டவருக்கு ஒரு கேள்வி. தீவனம் வைத்தால் அந்தச் சிவப்புக் கோழி முதலில் வருமா, கடைசியிலா?

கேட்டவர்:
கடைசியில்தான். கருப்புக் கோழி தின்று முடித்தபின்தான் மற்றவை. சிவப்பை எல்லாமே விரட்டும். ஏன் கேட்கிறீர்கள்?

பதில் 4:
நினைத்தேன். அடிவாங்கிக்கொண்டே இருந்ததற்கு இப்போதுதான் தனக்குக் கீழே ஆள் கிடைத்திருக்கிறது. கருப்புக்கு இந்தக் குஞ்சுகள் ஒரு பொருட்டே இல்லை, கவனித்துப் பாருங்கள். (யார் யாரைக் கொத்துகிறது என்று சின்ன வயதிலிருந்தே தன் வீட்டுக் கோழிகளைக் குறித்து வைத்தவர் நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே. 1920களின் தொடக்கத்தில் அதை ஆராய்ச்சியாகவே எழுதினார். நாமெல்லாம் குறித்து வைக்காமல் விட்டோம்.)

குஞ்சுகளைக் கொட்டகைக்கு உள்ளேயே ஒரு மூலையில் கம்பிவலை அடித்து வையுங்கள். பார்க்கலாம், தொட முடியாது என்ற நிலை இரண்டு வாரம் இருக்கட்டும். வலைக்கு இருபுறமும் பக்கத்திலேயே தீவனம் வைத்தால் எதிரெதிரே நின்று தின்று பழகும். அதன்பின் வலையின் அடியில் ஒரு ஓட்டை போடுங்கள். குஞ்சு நுழைய வேண்டும், பெரிய கோழிக்கு மார்பு தட்ட வேண்டும். 10, 12 சென்டிமீட்டரில் ஆரம்பித்து உங்கள் கோழிகளைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். துரத்தினால் குஞ்சு ஓடி உள்ளே போய்விடும். வெளியே தீவனமும் தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி வையுங்கள்.

ஓட்டையைத் திறக்கிற அன்று சிவப்பைப் பிடித்து நாலு நாள் கண்ணில் படாத இடத்தில் அடையுங்கள். குஞ்சை அல்ல, சிவப்பை. திரும்பி வரும்போது அதுதான் புது ஆள்.

கேட்டவர் (ஐந்து வாரம் கழித்து):
சொல்லாமல் விடக்கூடாது என்று வந்தேன். தும்மல், கழிச்சல் எதுவும் இல்லை, தப்பித்தேன். வலை அடித்த முதல் நாள் சிவப்பு வலைக்கு வெளியே உலாத்திக்கொண்டே இருந்தது. ஒரு வாரத்தில் அலுத்துவிட்டது. நாலு நாள் சிறைவாசம் முடிந்து வந்தபோது கருப்பு ஒரே விரட்டாக விரட்டியது. அதற்கப்புறம் சிவப்புக்குக் குஞ்சுகளைப் பார்க்கவே நேரமில்லை. அவ்வப்போது ஒரு கொத்து விழுகிறது, குஞ்சு கீச்சென்று நகர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். நான் எதிர்பார்க்காதது சேவல். துரத்தல் தொடங்கினால் நடுவில் வந்து நின்றுவிடுகிறது.

விடைக்கோழிகள் தாமாகவே பரணில் ஏறிவிட்டன, கடைசி ஓரத்தில். காயம்பட்ட குஞ்சுக்கு உச்சியில் குட்டி இறகு முளைத்திருக்கிறது.

குஞ்சுகள் வளர்ந்துவிட்டதால் ஓட்டைதான் இப்போது போதவில்லை. இன்று காலை ஒன்று தலையை விட்டுவிட்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் கத்திக்கொண்டிருந்தது. எடுத்து வெளியே விட்டேன். சாயங்காலம் வலையைக் கழற்றப் போகிறேன்.