1917 நாள்வரிசை தொகுக்கிறோம்: ரஷ்யத் தேதிகளில் எதைப் போடுவது?

கேள்வி – சுவரிதழ்

எங்கள் நூலகக் காட்சிப் பலகைக்கு 1917ஆம் ஆண்டின் உலக நிகழ்வுகளையும், அந்த ஆண்டில் பிறந்த, மறைந்த முக்கியமானவர்களையும் நாள்வாரியாகத் தொகுத்து வருகிறோம். மூன்று இடங்களில் மாட்டிக்கொண்டோம்.

ஒன்று, ரஷ்யா. "பிப்ரவரிப் புரட்சி" என்று எழுதிவிட்டு மார்ச் கட்டத்தில் போட்டால் படிப்பவர்கள் பிழை என்று நினைக்கிறார்கள். அக்டோபர் புரட்சிக்கும் இதே கதி. இரண்டு, ஒரே நிகழ்வுக்கு இரண்டு மூன்று தேதிகள் கிடைக்கின்றன. சிம்மர்மன் தந்திக்கு (மெக்சிகோவைத் தன் பக்கம் இழுக்க ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் அனுப்பிய ரகசியத் தந்தி) ஜனவரி 16 என்றும் மார்ச் 1 என்றும் இருக்கிறது. ஜெருசலேம் வீழ்ச்சிக்கு டிசம்பர் 9, 11 இரண்டும் இருக்கின்றன. மூன்று, எக்ஸெலில் தேதிவாரியாக அடுக்கினால் லெனின், டிராட்ஸ்கி போன்றவர்களின் பிறந்த நாள் மட்டும் வரிசையில் சேராமல் தனியே போய் நிற்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் – பழையநாள்

ரஷ்யாவை முதலில் முடித்துவிடுவோம். அங்கே 1918 ஜனவரி 31 வரை ஜூலியன் நாட்காட்டிதான். அதற்கு மறுநாளே பிப்ரவரி 14. ஆகவே 1917இன் எந்த ரஷ்யத் தேதிக்கும் 13 நாள் கூட்டினால் நம் (கிரிகோரியன்) தேதி வந்துவிடும். பெட்ரோகிராடில் பெண்கள் ரொட்டிக்காகத் தெருவில் இறங்கியது பிப்ரவரி 23, அதாவது மார்ச் 8. ஜார் முடி துறந்தது மார்ச் 2, அதாவது மார்ச் 15. லெனின் ஃபின்லாந்து ரயில் நிலையத்தில் வந்திறங்கியது ஏப்ரல் 3, அதாவது ஏப்ரல் 16.

பலகையில் புதிய தேதியின் கட்டத்தில் நிகழ்வைப் போட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் "பழைய முறையில் பிப். 23" என்று எழுதுங்கள். பெயரை மட்டும் மாற்ற வேண்டாம். "மார்ச் புரட்சி" என்று எழுதினால் ஒருவருக்கும் புரியாது.

பலர் சறுக்குவது பிறந்த நாள்களில்தான். 13 நாள் என்பது 1900 மார்ச் முதல் செல்லும் கணக்கு. 19ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 12 நாள்தான், ஏனென்றால் 1900 ஜூலியன் முறையில் லீப் ஆண்டு, கிரிகோரியன் முறையில் இல்லை. லெனின் பிறந்தது 1870 ஏப்ரல் 10. 12 கூட்டினால் ஏப்ரல் 22. பழக்கத்தில் 13 கூட்டி 23 என்று எழுதிவிடுகிறார்கள். அக்டோபர் புரட்சியில் கவிழ்ந்த இடைக்கால அரசின் தலைவர் கெரன்ஸ்கிக்குப் பழைய முறையில்தான் ஏப்ரல் 22 (1881), புதிய முறையில் மே 4. இருவரும் பிறந்த ஊர் சிம்பிர்ஸ்க். கெரன்ஸ்கியின் அப்பா லெனின் படித்த பள்ளியின் தலைமையாசிரியர். இதனாலேயே இருவர் குறிப்பும் ஒன்றோடொன்று கலந்துவிடும், கவனம். டிராட்ஸ்கிக்கு 1879 அக்டோபர் 26, அதாவது நவம்பர் 7. புரட்சி நடந்த நாள் அவருடைய 38ஆவது பிறந்த நாள். சரிபார்க்க எளிய அடையாளம்.

அந்த நவம்பர் 7இலும் ஒரு நுணுக்கம் உண்டு. அரோரா கப்பலிலிருந்து வெற்றுக் குண்டு வெடித்தது அன்று இரவு. குளிர்கால அரண்மனை கைக்கு வந்து இடைக்கால அரசின் அமைச்சர்கள் கைதானது நள்ளிரவுக்குப் பிறகு, அதாவது 8ஆம் தேதி அதிகாலை. "புரட்சி தொடங்கியது" என்றால் 7, "அரண்மனை வீழ்ந்தது" என்றால் 8.

பதில் – கம்பித்தபால்

இரண்டாவது கேள்விக்கு: வினைச்சொல் இல்லாத வரியைப் பலகையில் ஏற்றாதீர்கள். "சிம்மர்மன் தந்தி" என்று மட்டும் எழுதினால் எந்தத் தேதியும் சரி, எந்தத் தேதியும் தப்பு. அனுப்பப்பட்டதா, உடைக்கப்பட்டதா, கொடுக்கப்பட்டதா, அச்சில் வந்ததா என்று பிரித்தால் குழப்பம் தானாகத் தீரும்.

பெர்லின் அதை அனுப்பியது ஜனவரி 16. பிரிட்டிஷ் கடற்படையின் குறிமுறை உடைக்கும் பிரிவான 'அறை 40' மறுநாளே ஒரு பகுதியைப் படித்துவிட்டது. ஆனால் அமெரிக்கத் தூதரிடம் கொடுத்தது பிப்ரவரி 23இல். நடுவில் ஐந்து வாரத்துக்கு மேல் ஏன்? தந்தி வந்த வழிகளில் ஒன்று அமெரிக்க அரசின் சொந்தத் தூதரகக் கம்பி. "உங்கள் கம்பியை நாங்கள் ஒட்டுக்கேட்கிறோம்" என்று லண்டன் சொல்ல முடியாது. அதனால் வாஷிங்டனிலிருந்த ஜெர்மன் தூதரகம் மெக்சிகோவுக்கு வணிகத் தந்தியாக மறுபடி அனுப்பிய படியை மெக்சிகோ நகரில் ரகசியமாக எடுத்தார்கள். அந்தப் படி பழைய குறிமுறையில் இருந்ததால் முழுதாக உடைக்கவும் முடிந்தது. பத்திரிகையில் வந்தது மார்ச் 1. மார்ச் 3 அன்று சிம்மர்மனே "ஆம், நான்தான் அனுப்பினேன்" என்று ஒத்துக்கொண்டார். போலி என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்தது அதனால்தான். ஒரே கட்டம்தான் தரமுடியும் என்றால் மார்ச் 1ஐ எடுங்கள், உலகத்துக்குத் தெரிந்த நாள் அது.

ஜெருசலேமும் இதே வகைதான். நகரம் சரணடைந்தது டிசம்பர் 9. பிரிட்டிஷ் தளபதி ஆலன்பி யாஃபா வாசல் வழியாகக் கால்நடையாக உள்ளே போனது 11. யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் என்று பிரிட்டன் ஆதரவு தெரிவித்த பால்ஃபர் கடிதத்தில் இருக்கும் தேதி நவம்பர் 2, செய்தித்தாளில் வந்தது 9.

அமெரிக்கா போரில் இறங்கியதற்கு ஏப்ரல் 2, 4, 6 மூன்றும் கண்ணில் படும். வில்சன் உரை 2. செனட் வாக்கெடுப்பு 4 (82க்கு 6). பிரதிநிதிகள் சபை வாக்கெடுப்பு 6 (373க்கு 50), கையெழுத்தும் அன்றே. போர் அறிவிப்பு என்றால் ஏப்ரல் 6. அதுவும் ஜெர்மனி மேல் மட்டும். ஆஸ்திரியா-ஹங்கேரி மேல் அறிவித்தது டிசம்பர் 7இல்தான். துருக்கி, பல்கேரியா மேல் கடைசி வரை அறிவிக்கவே இல்லை. "மைய நாடுகள் மீது அமெரிக்கா போர்" என்று எழுதிவிடாதீர்கள்.

பதில் – பழையநாள்

கம்பித்தபால் சொன்னதோடு ஒன்று. ஜெருசலேம், பாக்தாத் (மார்ச் 11) நிகழ்வுகளுக்குத் துருக்கித் தரப்பு ஆவணங்களையும் பார்ப்பதாக இருந்தால், ஆட்டோமான் அரசின் ரூமி நாட்காட்டி அதே ஆண்டு பாதியில் மாறியது. 1332 பிப்ரவரி 15க்கு மறுநாளை 1333 மார்ச் 1 ஆக்கினார்கள். ஆகவே 1917 மார்ச் 1க்கு முன்பு 13 நாள் கூட்ட வேண்டும், பிறகு நாளும் மாதமும் நம்முடையதே, ஆண்டு எண் மட்டும் வேறு. இது தெரியாமல் பாக்தாத் வீழ்ச்சிக்கும் 13 கூட்டினால் மார்ச் 24 என்று தவறாக வந்து நிற்கும். ருமேனியா 1919 வரையிலும் கிரீஸ் 1923 வரையிலும் ஜூலியனில் இருந்தன. பல்கேரியா 1916லேயே மாறிவிட்டது, அங்கே கூட்டவே கூடாது.

பதில் – அட்டவணை

எக்ஸெல் சிக்கல் சுலபம். அதன் தேதிக் கணக்கு 1900இல்தான் தொடங்குகிறது. 1870-04-22 என்று அடித்தால் அதைத் தேதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும்; அடுக்கும்போது எண்கள் ஒரு பக்கம், எழுத்துகள் ஒரு பக்கம் என்று பிரியும். தேதிக் கலத்தையே பயன்படுத்தாதீர்கள். ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று நெடுவரிசை, மூன்றிலும் வெறும் எண். அடுத்த நெடுவரிசையில் மூல நாட்காட்டி (ஜூ / கி / ரூமி), அதற்கடுத்து மூலத்தில் இருந்த தேதி அப்படியே. மாற்றிய தேதியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டால், அடுத்தவர் வந்து இன்னொரு முறை 13 கூட்டுவார். பட்டியல்களில் 26 நாள் தள்ளிக் கிடக்கும் தேதிகளைப் பார்த்தால் இதுதான் காரணம்.

பழைய தமிழ் இதழ்களிலிருந்து எடுத்தால் தமிழ் ஆண்டையும் பாருங்கள். ஏப்ரல் நடுப்பகுதி வரை நள, பிறகு பிங்கள. "நள வருஷம் ஆவணி" என்று இருந்தால் அது 1916.

சுவரிதழ்

மிக்க நன்றி. மூல நெடுவரிசையை இன்றே சேர்க்கிறோம். பிறப்பு, இறப்புப் பட்டியலில் யார் யாரைப் போடலாம்? போர்முனையில் இறந்தவர்களுக்குத் தேதி நம்பலாமா?

பதில் – கம்பித்தபால்

பிறந்தவர்களில் நம் ஆட்களுக்குத் தேடவே வேண்டாம்: ஜனவரி 17, கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் எம்.ஜி.ஆர். நவம்பர் 19, அலகாபாத்தில் இந்திரா காந்தி. டிசம்பர் 16, இங்கிலாந்தின் மைன்ஹெட்டில் ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கைவாசி, மறைந்ததும் கொழும்பில். கென்னடி மே 29, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் ஏப்ரல் 25.

மறைந்தவர்களில் தாதாபாய் நௌரோஜி (ஜூன் 30) கட்டாயம். எஸ்பெராண்டோ தந்த ஸமென்ஹாஃப் ஏப்ரல் 14, ஓவியர் டெகா செப்டம்பர் 27, சிற்பி ரோடின் நவம்பர் 17. செப்பலின் பிரபு இறந்தது மார்ச் 8, பெட்ரோகிராடில் ரொட்டிக் கலவரம் தொடங்கிய அதே நாள். இரண்டையும் ஒரே கட்டத்தில் வையுங்கள், நன்றாக இருக்கும். மாதா ஹரிக்கும் வினைச்சொல் தேவை: கைது பிப்ரவரி 13, விசாரணை ஜூலை 24, 25, சுட்டுக் கொன்றது அக்டோபர் 15.

போர்முனைத் தேதி, சாட்சியோ உடலோ கிடைத்தவர்களுக்கு நம்பத்தக்கது. காணாமல் போனவர்களுக்குப் பெரும்பாலும் கடைசியாகப் பார்த்த நாளைத்தான் பதிவாக வைத்திருப்பார்கள். அவர்களுக்கு "அன்று முதல் காணவில்லை" என்று எழுதுவது நேர்மை. கவிஞர்களில் எட்வர்ட் தாமஸ் ஏப்ரல் 9, பிரான்ஸின் அரா போர்முனை. வேல்ஸ் மொழிக் கவி ஹெட் வின் ஜூலை 31, பெல்ஜியத்தின் ஈப்பரில் நடந்த மூன்றாம் போரின் முதல் நாள். செப்டம்பர் 6 அன்று வேல்ஸ் கவிதைப் போட்டியில் வெற்றி அறிவித்துப் பெயரை அழைத்தபோது ஆள் இல்லை, பரிசு நாற்காலிக்குக் கறுப்புத் துணி போர்த்தினார்கள். இதற்கு இரண்டு கட்டம் கொடுத்தாலும் தகும்.

பதில் – அட்டவணை

இந்திய வரிகளும் விட்டுப்போக வேண்டாம். ஏப்ரலில் சம்பாரணில் காந்தி. மே 8 அடையாறில் இந்திய மாதர் சங்கம். ஜூனில் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் ஆணையால் அன்னி பெசன்ட் உதகையில் காவலில். செப்டம்பரில் விடுதலை, டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸுக்குத் தலைவர். ஆகஸ்ட் 20 மாண்டேகு அறிவிப்பு (இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி).

இரண்டு வரி உங்கள் பலகைக்குள் தவறாக நுழையப் பார்க்கும். ரஷ்யா போரிலிருந்து விலகிய பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் உடன்படிக்கை 1918 மார்ச் 3. 1917 டிசம்பர் 15 நடந்தது போர்நிறுத்தம் மட்டும். இயற்பியல் நோபல் 1917க்கு உரியது பார்க்ளாவுக்கு, ஆனால் கொடுத்தது 1918இல். அதை டிசம்பர் 10 கட்டத்தில் போடாமல் பலகையின் அடியில் தனிக் குறிப்பாக வையுங்கள்.