குடிநோய்க்குக் காளான் மருந்தா? நியூயார்க் ஆய்வை முன்வைத்து ஒரு சண்டை

வைகைக்கரை:
மேஜிக் காளானில் இருக்கும், மாயக் காட்சிகளை வரவைக்கும் சைலோசைபினைக் குடிநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வை இங்கே ஒருவர் "பைத்தியக்காரத்தனம்" என்று எழுதியிருந்தார். படித்துவிட்டுத்தான் சொன்னாரா தெரியவில்லை. மைக்கேல் போகன்ஷுட்ஸ் தலைமையில் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வு அது. கலந்துகொண்டவர்கள் 90 பேருக்கு மேல். எல்லோருக்கும் 12 வாரம் மனநல ஆலோசனை, நடுவில் இரண்டு முறை மருந்து. பாதிப் பேருக்கு சைலோசைபின், மீதிப் பேருக்குத் தூக்கம் வரவைக்கும் ஓர் அலர்ஜி மாத்திரை. அடுத்த 32 வாரத்தில் அளவுமீறிக் குடித்த நாட்கள் சைலோசைபின் குழுவில் 9.7 சதவீதம், மற்ற குழுவில் 23.6. இதில் பைத்தியக்காரத்தனம் எங்கே இருக்கிறது?

சுடலை:
எழுதியது நான்தான், படித்துவிட்டுத்தான் எழுதினேன். உங்களுக்கு எந்த மாத்திரை கிடைத்தது என்று கேட்டபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சரியாகச் சொல்லிவிட்டார்கள். சொல்ல மாட்டார்களா பின்னே? ஒருத்தருக்குக் கண்ணை மூடினால் வண்ணக் கோலம், இன்னொருத்தருக்கு வெறும் கொட்டாவி. யாருக்கு எது என்று தெரியக்கூடாது என்பதுதான் இந்த மாதிரி ஆய்வுக்கு அடிப்படையே. நிஜ மருந்து நமக்குக் கிடைக்கவில்லை என்று தெரிந்தவர் அன்றைக்கே மனம் விட்டிருப்பார். அப்படியென்றால் அந்த வித்தியாசத்தில் மருந்து எவ்வளவு, ஏமாற்றம் எவ்வளவு? மன அதிர்ச்சி நோய்க்கு எம்டிஎம்ஏ (எக்ஸ்டசி என்கிற போதைப்பொருள்) கொடுக்க அனுமதி கேட்டபோதும் இதே சிக்கல் பெரிதாகப் பேசப்பட்டது. அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2024 ஜூனில் 10க்கு 1 என்று எதிர்த்து வாக்களித்தது, ஆகஸ்டில் நிர்வாகமும் கையை விரித்துவிட்டது.

தேன்மொழி:
மறுவாழ்வு மையத்தில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அந்த ஆய்வில் மருந்து நாள் எப்படிப் போனது என்று பாருங்கள். நோயாளி சோபாவில் படுத்திருக்கிறார், கண்ணில் பட்டை, காதில் பாட்டு. பக்கத்தில் இரண்டு ஆலோசகர்கள், கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். அதற்கு முன்னாலும் பின்னாலும் வாரக்கணக்கில் உட்கார்ந்து பேசுகிறார்கள். எங்கள் பக்கம் ஒரு நோயாளிக்கு ஒரு ஆலோசகர் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைத்தாலே பெரிய விஷயம். காளானைப் பற்றிச் சண்டை போடுகிறோம், அந்த எட்டு மணி நேரத்தை யாருமே பேசவில்லை.

வைகைக்கரை:
சரியாகப் பிடித்தீர்கள் அக்கா. ஆனால் அந்தப் பேச்சும் கவனிப்பும் இரண்டு குழுவுக்கும் ஒன்றுதானே? அப்புறம், இது நேற்று முளைத்த யோசனையும் இல்லை. 1950களில் கனடாவின் சஸ்காட்சுவானில் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட், ஏப்ரம் ஹாஃபர் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் குடிநோயாளிகளுக்கு எல்எஸ்டி கொடுத்தார்கள். அதுவும் சைலோசைபின் மாதிரி மாயக் காட்சி வரவைக்கிற மருந்துதான். குடியை விடும்போது வரும் நடுக்கப் பிதற்றலைச் செயற்கையாக வரவைத்துப் பயமுறுத்தினால் திருந்துவார்கள் என்பதுதான் அவர்களுடைய முதல் கணக்கு. நடந்தது வேறு. பயத்தைவிட, தன்னைத் தானே தெளிவாகப் பார்த்த மாதிரி இருந்தது என்று சொன்னவர்கள்தான் திருந்தினார்கள். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனே 1956இல் எல்எஸ்டி எடுத்துப் பார்த்து ஆதரித்தவர்.

சுடலை:
டொரண்டோவை ஏன் விட்டுவிட்டீர்கள்? சஸ்காட்சுவான்காரர்கள் சொன்னதைச் சோதிக்க அங்கே கட்டுப்பாட்டோடு ஓர் ஆய்வு நடத்தினார்கள். எல்எஸ்டியால் தனிப்பலன் எதுவும் தெரியவில்லை.

தேன்மொழி:
டொரண்டோவில் நோயாளியை வாரால் படுக்கையோடு கட்டிப்போட்டுத்தான் மருந்து கொடுத்தார்கள் தம்பி. அந்த நிலையில் யாருக்குத் தெளிவு வரும்? மருந்தை மட்டும் தனியாகப் பிரித்து அளக்கப் பார்த்து, அது வேலை செய்யக்கூடிய சூழலையே எடுத்துவிட்டார்கள்.

சுடலை:
அப்படிப் பார்த்தால் இதை யாராலும் பொய் என்று நிரூபிக்கவே முடியாது. பலித்தால் மருந்து, பலிக்காவிட்டால் சூழல் சரியில்லை. குறிசொல்பவரும் இப்படித்தான் தப்பிக்கிறார்.

வைகைக்கரை:
அந்தக் காலத்து எல்எஸ்டி ஆய்வுகளில் ஒழுங்காக நடந்த ஆறை எடுத்து 2012இல் நார்வேயில் இரண்டு பேர் மொத்தமாகக் கணக்குப் போட்டார்கள். 536 நோயாளிகள். குடி குறைந்தவர்கள் எல்எஸ்டி தரப்பில் 59 சதவீதம், மறுதரப்பில் 38. அதுவும் ஒரே ஒரு வேளை மருந்துக்கு! குறிசொல்பவரிடம் இந்தக் கணக்கு இருக்கிறதா?

சுடலை:
அதே கட்டுரையில் அடுத்த பத்தியையும் படியுங்கள். ஆறு மாதம் வரை தெரிந்த வித்தியாசம் ஒரு வருடத்தில் தேறவில்லை. குடிநோயாளி வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள், ஆறு மாதம் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்த கதை எல்லா வீட்டிலும் இருக்கும்.

தேன்மொழி:
ஆறு மாதம் உங்களுக்குச் சின்னதாகத் தெரியலாம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு அது சின்னது இல்லை. குடி ஆசையைக் குறைக்கிற நால்ட்ரெக்ஸோன் மாத்திரையைக்கூட தினமும்தான் கொடுக்கிறோம், நிறுத்தினால் பலனும் போகிறது. அதை யாரும் மோசடி என்று சொல்வதில்லை.
இன்னொன்று, இதைப் படித்துவிட்டு யாரும் காளான் தேடிக் கொடைக்கானலுக்கு வண்டி ஏற வேண்டாம். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருக்கிறதா என்று அந்த ஆய்வுகளில் முதலிலேயே கேட்டு, இருந்தால் வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறார்கள். காளான் விற்கிற பையன் அதைக் கேட்க மாட்டான்.

சுடலை:
இதில் மட்டும் உங்களோடு நிற்கிறேன் அக்கா. ஆனால் ஒரு நோயாளிக்கு இரண்டு பேர், எட்டு மணி நேரம் என்றால் அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பது? வைகைக்கரை இதற்குப் பதில் சொல்லட்டும்.