மாசம் ஆயிரமும் என் பாக்கி நோட்டும்

ஏற்காடு, மளிகைக்கடைக்காரர்:
மகளிர் உரிமைத் தொகை என்று அரசு வீட்டுப் பெண்களுக்குத் தருகிற மாசம் ஆயிரம் ரூபாயில் என்ன ஆகிவிடப் போகிறது என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். கடைக்காரன் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். நாகலூர்ப் பக்கம் கடை, வாடிக்கை எல்லாம் எஸ்டேட் வேலைக்குப் போகிற வீடுகள். கார்த்திகையில் தொடங்கி தை, மாசி வரை காப்பிப் பழம், அதை ஒட்டி மிளகு, அவ்வளவுதான். ஆடி மழையில் பாதி நாள் வேலை இருக்காது. அந்த மாசங்களில் நோட்டில் எழுதிக்கொண்டே போவேன், சீசன் கூலி வரும்வரை நான் சேலம் லீ பஜாரில் மொத்தக் கடைக்காரர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேன். 2023 செப்டம்பர் 15-ல் இந்த உரிமைத் தொகை தொடங்கியது. அப்புறம் மாசாமாசம் அந்தத் தேதியை ஒட்டி அக்காமார் வந்து இருநூறு, முந்நூறு கட்டிப் பாக்கியைக் குறைக்கிறார்கள். ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிறது, அதனால் காசு எண்ணெய்க்கும் சோப்புக்கும் முட்டைக்கும் போகிறது. முட்டை விற்பனை கூடியதை நான் எதிர்பார்க்கவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் முன்பணம். மழைக்காலத்தில் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரியிடம் கைநீட்டி வாங்கிவிட்டால், சீசனில் அவர் சொல்கிற தோட்டத்துக்குத்தான் போக வேண்டும், அவர் சொல்கிற கூலிக்கு. இப்போது சில வீடுகள் வாங்குவதில்லை, கூலி கட்டுப்படியாகாவிட்டால் வேறு தோட்டம் பார்க்கிறார்கள். டாஸ்மாக்குக்குப் போகாதா என்பீர்கள். போன வீடும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கணக்கு வீட்டுக்காரம்மா பேரில் இருக்கிறது, பிடுங்குவது முன்போல லேசில்லை.

வாழப்பாடி, மரவள்ளி விவசாயி:
எங்களுக்கு பிஎம் கிசான், மத்திய அரசு விவசாயிக்குத் தருகிற பணம், வருசத்துக்கு 6,000, நாலு மாசத்துக்கு ஒருதடவை 2,000. உரத்துக்கு ஆகும், ஆனால் உரம் போடுகிற நேரமாகப் பார்த்து வராது. பட்டா யார் பேரிலோ அவருக்குத்தான் பணம். குத்தகைக்கு ஓட்டுகிறவனுக்கு ஒரு பைசா இல்லை, வெயிலில் நிற்பது அவன்தான். பட்டா இன்னும் தாத்தா பேரில் கிடக்கிற வீடுகள் எங்கள் ஊரில் நிறைய. இதை யாரும் பேசுவதில்லை.

ஏற்காடு, மகளிர் குழு:
கடைக்கார அண்ணன் சொன்னது சரி, ஆனால் பணம் கணக்கில் விழுவது வேறு, கைக்கு வருவது வேறு. ஏடிஎம் டவுனில்தான். பஸ்ஸைப் பிடித்துப் போனால் அன்றைய கூலி போச்சு. ஊருக்குள் மெஷின் கொண்டுவருகிறவரிடம் கைரேகை வைத்து எடுக்கலாம் என்றால், காலமெல்லாம் பழம் பறித்துக் களை வெட்டிய விரலில் ரேகையே தேய்ந்துபோய்க் கிடக்கிறது, மெஷின் எடுக்காது. எடுத்தாலும் சிலர் அதில் ஒரு இருபது, முப்பது பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் குழுவில் ஒரு அம்மாவுக்கு முதல் மாசப் பணத்தை மினிமம் பேலன்ஸ் இல்லை என்று வங்கியே கழித்துவிட்டது. அப்புறம் ஜீரோ பேலன்ஸ் கணக்காக மாற்றினோம்.

சேலம், கல்லூரி மாணவி:
அண்ணன் கடை கதையைப் படித்ததும் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. கென்யாவில் சியாயா என்ற மாவட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு வீட்டுக்கு ஏறக்குறைய 1,000 டாலர் கொடுத்து, 650-க்கும் மேற்பட்ட கிராமங்களில் ஆராய்ந்தார்கள். கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அந்த வட்டாரப் பொருளாதாரத்தில் சுமார் இரண்டரை டாலர் அளவுக்கு வளர்ச்சி, பணம் வாங்காத வீடுகளுக்கும் வருமானம் கூடியது, விலைவாசி ஏறியது ரொம்பக் கொஞ்சம். இங்கே ஆயிரம் ரூபாய்க்கு அதே கணக்கு வரும் என்று சொல்லவில்லை, அங்கே கொடுத்தது பெரிய தொகை. எனக்கே புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 வருகிறது. பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் அப்பாவிடம் கேட்பதில்லை.

ஏற்காடு, மளிகைக்கடைக்காரர்:
பாப்பா, விலைவாசி இங்கே பணத்தால் ஏறவில்லை, லாரி வாடகையால் ஏறுகிறது. அப்புறம் அந்த ரேகை விஷயம், தபால்காரரிடமும் மெஷின் இருக்கிறது, ஒரு விரல் எடுக்காவிட்டால் வேறு விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிடித்தம் என்று எதுவும் கொடுக்க வேண்டாம்.